'காலா'வின் தாராவியில் வாடகைக்காரர் எங்கே?

தாராவி மறுகட்டமைப்புத் திட்டம் பற்றிய விதிமுறைகளையும் செய்திகளையும் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் பா. இரஞ்சித்தின் 'காலா'வை (2018) மறுபடி பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. படத்தின் முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஒன்றும் குறையாது.

கேள்வி இதுதான். நிலம் எங்கள் உரிமை என்று படம் முழுக்க ஒலிக்கிறதே, அந்த 'எங்கள்' யார்?

கிறுக்குப் பிடித்த கேள்வி மாதிரி தெரியலாம். தாராவி மக்கள், வேற யாரு? ஆனா தாராவியில் இன்றைக்கு நடக்கிற சண்டையே இந்த ஒரு சொல்லின் மேல்தான். யாரைத் தாராவிக்காரர் என்று கணக்கில் எடுப்பது, யாரை விடுவது. அரசு அதற்குத் துல்லியமான பதில் வைத்திருக்கிறது. படத்திடம் இருக்கிறதா என்பதைப் பார்ப்போம்.

முதலில், படம் சாதித்தது

குறை சொல்வதற்கு முன் நியாயமாக இருக்கணும். தமிழ் சினிமாவில் தாராவி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது 'நாயகன்' (1987). மணிரத்னம் அந்தத் தாராவியை, தோட்டா தரணி போட்ட அரங்கத்தில், சென்னையிலேயே எடுத்தார். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய கதை. அதிலும் குடிசைகளை இடிக்க ஆள் வரும். வேலு நாயக்கர் தன் ஆட்களோடு போய் இடிக்கச் சொன்ன சேட்டின் வீட்டை உடைப்பார். பிரமாதமான காட்சி. ஆனால் அந்தப் படத்தில் தாராவி ஜனங்கள் செய்யும் வேலை இரண்டுதான்: வரிசையில் நின்று நாயக்கரிடம் கஷ்டத்தைச் சொல்வது, அவருக்காக அழுவது.

இரஞ்சித் இதை மாற்றினார். காலாவின் வீட்டில் எல்லாரும் பேசுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள். செல்வி (ஈஸ்வரி ராவ்) பேசும் திருநெல்வேலித் தமிழ் வெறும் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. தாராவித் தமிழர்களில் பெரும் பகுதியினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து போனவர்கள்தான். மகன் லெனின் அப்பாவின் வழியை ஏற்காமல் தனியாக இயக்கம் நடத்துகிறான். புயல் என்கிற சாருமதி மராத்திப் பெண். சரீனா முஸ்லிம். காலாவின் எதிரி ஹரி தாதாவுக்குச் சுத்தம் என்ற சொல் மேல் பெரிய மோகம். வெள்ளை உடை, வெள்ளை வீடு. சுத்தம் என்ற பெயரில் யாரைக் கூட்டித் தள்ளுகிறார்கள் என்பதைச் சாதியோடு சேர்த்துக் காட்டிய முதல் பெரிய பட்ஜெட் ரஜினி படம் இது. முடிவில் ராமாயணத்தைத் தலைகீழாகத் திருப்பியதையும், கறுப்பு, சிவப்பு, நீலம் என்று திரையை நிறத்தால் மூழ்கடித்ததையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டுதான் கேட்கிறேன். அந்த 'எங்கள்' யார்?

ஒரு கட்டடம், நாலு கணக்கு

தாராவி சுமார் 600 ஏக்கர். ஒரு பக்கம் மாஹிம், இன்னொரு பக்கம் சயான். இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே இருக்கிறது. மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா–குர்லா வளாகம், நாட்டின் விலை உயர்ந்த அலுவலக நிலங்களில் ஒன்று. மக்கள்தொகை பற்றிய மதிப்பீடுகள் 6 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை போகின்றன. ஒரு ஊரின் எண்ணிக்கையில் நாலு லட்சம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது என்றால், அந்த நாலு லட்சம் யார் என்று யோசியுங்கள். பெயர் எங்கேயும் பதிவாகாதவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், பட்டறையில் படுத்துறங்குபவர்கள், ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் ஊரில் என்று இருப்பவர்கள்.

இப்போ ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாராவியில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் இந்த மாதிரி ஒன்று இருக்கும். தரைத்தளம் பத்துக்குப் பதினைந்து அடி. அங்கே 1970-களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பிறகு காசு சேர்த்து மேலே ஒரு மாடி எழுப்பினார்கள், அதற்கு மேல் இன்னொன்று. வெளியே செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. முதல் மாடியில் தோல் பை தைக்கும் பட்டறை. நடத்துகிறவர் பீகார்க்காரர், முன்பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்திருக்கிறார். அவரிடம் ஆறு பையன்கள். பகலில் தைக்கிறார்கள், இரவில் அதே இடத்தில் பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுக்கிறார்கள். அதற்கும் மேல் தகரக் கூரைக்குக் கீழே 2013-இல் வந்த ஒரு உத்தரப்பிரதேசக் குடும்பம்.

ஒரே கூரைக்குக் கீழே நாலு விதமான ஆட்கள். வீட்டுக்காரர், பட்டறைக்காரர், பட்டறைப் பையன்கள், மாடிக் குடித்தனம். இவர்களில் யாருடைய நிலம் அது?

காலா சொல்கிற பதில்: எல்லாருடையதும். அரசின் விதி சொல்கிற பதில் வேறு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆவணம் உண்டா? அப்படியானால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அந்தத் தேதிக்குப் பிறகு, 2011 ஜனவரி 1-க்குள் வந்தவரா? தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டணும். அதற்கும் பிறகு வந்தவரா, அல்லது எப்போது வந்திருந்தாலும் மாடியில் இருப்பவரா? தாராவிக்கு வெளியே வாடகை வீடு, தவணையில் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில்.

மறுபடி ஒரு தடவை படியுங்கள். மனிதர்களை மூன்றாகப் பிரிப்பது மொழியோ மதமோ சாதியோ இல்லை. ஒரு தேதியும் ஒரு ஏணியும்தான். அதிலும் வாடகைக்காரரின் பாடு தனி. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் சந்து விட்டுச் சந்து மாறுகிறவர் அவர். இருபத்தைந்து வருடம் தாராவியிலேயே இருந்திருப்பார். ஆனால் ஒரே கதவு எண்ணில் இருந்ததற்கு அவரிடம் என்ன காகிதம் இருக்கும்? பட்டறைப் பையன்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களுக்குப் பட்டறைதான் வீடு, வீட்டுக் கணக்கில் பட்டறை வராது.

சரி, தரைத்தளக்காரருக்காவது லாபமா? அவர் வீட்டுக் கணக்கையும் பார்க்கணும். இரண்டு மாடி வாடகையில்தான் அவர் மகன் படிப்பும் மகள் கல்யாணமும் நடந்திருக்கும். புதுக் கட்டடத்தில் அவருக்கு ஒரு வீடு உண்டு, வாடகைக்கு விட மாடி கிடையாது. லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் பராமரிப்புக் காசு உண்டு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொந்தக் கழிப்பறையும் உண்டு. அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. விடிகாலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் பெண்களிடம் 'மண்ணின் உரிமை' என்று பேசிப் பாருங்கள், அவர்கள் முதலில் கேட்பது கதவுள்ள ஒரு கழிப்பறையாகத்தான் இருக்கும். திட்டத்தை ஆதரிப்பவர்களில் துரோகிகளைத் தேட வேண்டாம். அவர்கள் கணக்கு அப்படி.

புல்டோசரும் அளவு நாடாவும்

'காலா'வில் வில்லன் எப்படி வருகிறார்? துணி துவைக்கும் இடத்தை இடிக்க புல்டோசரோடு. பிறகு ரவுடிகளோடு, போலீஸோடு. செல்வியும் மூத்த மகன் செல்வமும் கொல்லப்படுகிறார்கள். கடைசியில் நெருப்பு. எல்லாமே வெளியிலிருந்து வரும் தாக்குதல். வெளியிலிருந்து அடி விழும்போது உள்ளே இருப்பவர்கள் ஒன்றுசேர்வது இயல்பு, படமும் அந்த ஒற்றுமையைக் கொண்டாடுகிறது.

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். தாராவியை மொத்தமாக மாற்றிக் கட்டும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2004-இல் ஒப்புதல் கொடுத்தது. கட்டடக் கலைஞர் முகேஷ் மேத்தா தீட்டிய திட்டம். பல வருடம் இழுத்தது. 'காலா' வந்த அதே 2018-இல் புதிய டெண்டர் விட்டார்கள், செக்லிங்க் என்ற நிறுவனம் 7,200 கோடி ரூபாய்க்கு முன்வந்தது. 2020-இல் அதை ரத்து செய்தார்கள். 2022-இல் மறுபடி டெண்டர். அதானி குழுமம் 5,069 கோடிக்குப் பெற்றது. திட்டத்துக்கான கம்பெனியில் 80 விழுக்காடு அவர்களுடையது, 20 விழுக்காடு மாநில அரசுடையது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

கவனியுங்கள், இருபது வருடக் கதையின் திருப்புமுனைகள் எல்லாமே காகிதத்தில் நடந்தவை. தாராவிச் சந்துக்குள் திட்டம் முதலில் வந்தது கணக்கெடுப்பவர் உருவில். கையில் அளவுக் கருவி, கதவில் எழுத ஒரு எண். அவர் யாரையும் அடிப்பதில்லை. எப்போ வந்தீங்க, காகிதம் இருக்கா, மேல் மாடியில யார் இருக்காங்க என்று கேட்கிறார். அந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதிலில்தான் ஒரு குடித்தனத்தின் எதிர்காலம் இருக்கிறது. 'வாடகைக்கு இருக்காங்க' என்பதா? 'யாருமில்லை, எங்க சாமான்தான் வெச்சிருக்கோம்' என்பதா? புல்டோசருக்கு முன் தோளோடு தோள் நின்ற இருவர் இந்தக் கேள்வியின் முன் எதிரெதிர்ப் பக்கம் போய்விடுவார்கள்.

இந்த இடத்தைத்தான் 'காலா' தொடவில்லை. தொட வாய்ப்பே இல்லாமல் போனதும் இல்லை. சரீனா நகரத் திட்டத்தோடு ஊருக்குத் திரும்புகிறார். அந்தத் திட்டத்தில் கோல்ஃப் மைதானம் எதற்கு என்று காலா கேட்கும் காட்சி உண்டு. படத்தின் ஆகச் சிறந்த காட்சி அதுதான் என்பேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு ரஜினி படம் வரைபடத்தைப் பற்றிப் பேசுகிறது! ஆனா சீக்கிரமே பேச்சு காலா–சரீனா உறவுக்குத் திரும்பிவிடுகிறது. யாருக்கு எத்தனை அடி, யார் விடுபடுகிறார்கள் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

வீடு மட்டும் உள்ள தாராவி

இன்னொரு குறை, என் பார்வையில் இதைவிடப் பெரியது. 'காலா'வின் தாராவி முதன்மையாக ஒரு குடியிருப்பு. வீடு, குடும்பம், தெரு, கூட்டம். வேலைநிறுத்தக் காட்சி உண்டு, மறுக்கவில்லை. தாராவி ஜனங்கள் வேலைக்குப் போகாவிட்டால் மும்பை நின்றுவிடும் என்று காட்டுகிறார்கள். வெளியே போய் நகரத்துக்கு உழைப்பவர்கள் அதில் தெரிகிறார்கள். உள்ளேயே நடக்கும் தொழில் தெரியவில்லை.

தாராவியின் பன்முகம் தொழிலால் வந்தது. பூர்வகுடிகள் கோலி மீனவர்கள். பிறகு சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், கும்பர்வாடா அவர்களுடையது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்கு நடுவே பொது முற்றத்தில் சூளை வைத்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்தார்கள், கூடவே ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வந்தார்கள். உத்தரப்பிரதேசத்திலிருந்து ஜரி வேலைக்காரர்கள். 13-ஆம் காம்பவுண்டில் மும்பையின் பிளாஸ்டிக் குப்பையைத் தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி மறுபடி விற்கிறார்கள். விடிகாலையில் இட்லி அவித்துத் தலையிலும் சைக்கிளிலும் கொண்டுபோய் நகரமெங்கும் விற்கும் நம்மூர்க்காரர்கள்.

இந்தப் பல இனங்கள் ஒன்றாக இருப்பது வெறும் அன்பினால் மட்டும் இல்லை. ஒருவர் தோல் வாங்குகிறார், இன்னொருவர் வெட்டுகிறார், மூன்றாமவர் தைக்கிறார், நான்காமவர் ஜிப் விற்கிறார். எல்லாம் நடந்து போகிற தூரத்தில். இந்தத் தூரம்தான் தாராவியின் மூலதனம். ஆனால் அதே சங்கிலியில் முதலாளி உண்டு, பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பையன் உண்டு. விபத்துக்கு நஷ்டஈடு கிடையாது. பிளாஸ்டிக் உருக்கும் புகையைச் சுவாசிப்பவருக்கு மருத்துவச் செலவு யார் தருவார்? ஒற்றுமையும் சுரண்டலும் ஒரே சந்தில் ஒரே தொழிலில் சேர்ந்தே இருக்கின்றன.

மறுகட்டமைப்பில் முதலில் அறுபடப்போவதும் இந்தச் சங்கிலிதான். வீட்டை 350 சதுர அடியாக அளந்து கொடுத்துவிடலாம். சூளையைப் பத்தாவது மாடியில் வைக்க முடியாது. மாசுபடுத்தும் தொழில்களுக்குப் புதுத் தாராவியில் இடமில்லை. தைக்கிறவரை உப்பள நிலத்துக்கோ தேவ்னார் குப்பைக்கிடங்குப் பக்கமோ அனுப்பிவிட்டால், ஜிப் விற்கிறவர் தாராவியிலேயே இருந்து யாருக்கு விற்பார்?

மதக் கலவரத்தை மூட்ட ஹரி தாதாவின் ஆட்கள் முயல்வதும் மக்கள் அதில் சிக்காமல் இருப்பதும் படத்தில் வரும். அப்படி நடக்கணும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் கலவரம் தாராவியை விட்டுவைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சந்துக்காரர்களே மோதிக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்ல ஒட்டுப்போட்டு மறுபடி சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்த ஒட்டுப்போட்ட வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டியிருந்தால் ஒற்றுமைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

வணிகப் படத்தில் இதெல்லாம் முடியுமா?

எதிர்வாதம் தெரியும். "ரஜினி படத்துல போய் வாடகை ஒப்பந்தத்தைத் தேடுறீங்களே" என்பீர்கள். இரண்டு பதில்.

ஒன்று, இதை ஏற்கெனவே சினிமா செய்திருக்கிறது. சுதீர் மிஷ்ராவின் 'தாராவி' (1992) என்ற இந்திப் படம். ஓம் புரி டாக்சி ஓட்டுநர். குருவி சேர்ப்பது போல் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு சின்னத் தொழிலுக்கு முதலாளி ஆகிவிடணும் என்று துடிக்கிறார். அந்த ஆசையே அவரைத் தின்கிறது. தாராவியில் ஒரு தொழிலாளியின் கனவு பல நேரம் புரட்சி இல்லை, பட்டறைக்காரர் ஆவதுதான் என்று அந்தப் படம் தயங்காமல் சொன்னது. வணிகப் படம் இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது பதில் இரஞ்சித்திடமே இருக்கிறது. 'மெட்ராஸ்' (2014) பார்த்தவர்களுக்குத் தெரியும். வடசென்னை ஹவுசிங் போர்டு, ஒரு சுவர், அந்தச் சுவரில் யார் படம் இருப்பது என்ற சண்டை. அதில் எதிரி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரே குடியிருப்பு, ஒரே சாதி, ஒரே வறுமை. ஆனால் இரண்டு அணி. கூடவே இருப்பவனை எப்படி விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை அந்தப் படம் அணு அணுவாகக் காட்டியது. அதுவும் கார்த்தி நடித்த வணிகப் படம்தான், ஓடவும் செய்தது. உள்ளே விழும் பிளவைப் படமாக்கத் தெரிந்த இயக்குநர், தாராவிக்குப் போனபோது அதைக் கீழே வைத்துவிட்டார். நட்சத்திரத்தின் கனம் ஒரு காரணமாக இருக்கலாம். காலாவின் ஒரு சொல்லுக்கு எல்லாரும் திரளணும் என்றால், திரள்வதற்கு முன் அவர்களுக்குள் கணக்கு வழக்கு இருக்கக் கூடாது. நாயகன் ஒருவன் என்றால் மக்களும் ஒருவராக ஆகிவிடுகிறார்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 'நிலம் எங்கள் உரிமை' என்ற முழக்கம் இன்று திரையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலும் நகரத்தின் நடுவிலிருந்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது அதே முழக்கம் எழுகிறது. அங்கேயும் யாருக்கு ஒதுக்கீடு, யாருக்குக் கிடையாது என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. முழக்கம் எழுப்புகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் படிக்காவிட்டால், படித்தவர்கள் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் இலவச வீடு, இன்னொரு பக்கம் வெறுங்கை என்று பிரித்துவிட்டாலே போதும். அடியாள் தேவைப்படாது.

எனவே 'காலா'வை அடுத்த முறை பார்க்கும்போது ஒரு சின்னக் காரியம் செய்து பாருங்கள். கூட்டக் காட்சி வரும்போதெல்லாம், முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். இவர்களில் யார் வீட்டுக்காரர், யார் வாடகைக்காரர், யார் இரவில் பட்டறையில் படுப்பவர் என்று கேளுங்கள். படம் சொல்லாது. மூவரும் கேட்டாக வேண்டிய ஒரே கோரிக்கை ஒன்று உண்டு: தேதியும் மாடியும் பார்க்காமல், இருக்கிற எல்லாருக்கும் தாராவிக்குள்ளேயே வீடும் தொழிலிடமும். தரைத்தளக்காரர் அந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போடணும் என்றால், அதனால் தனக்கு என்ன குறையும் என்று தெரிந்துகொண்டே போடணும். அந்தக் கையெழுத்தைப் பற்றி யாராவது படம் எடுத்தால், முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.